அத்தைக்குப் பிடித்த அத்தோ

பட்டணம் போய்விட்டு வந்தால் எங்கள் திருக்கோவிலூரில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்கிற முதல் கேள்வி, "என்ன புடவை எடுத்தே?" என்பதுதான். இந்தத் தடவை நான் புடவை எதுவும் எடுக்கவில்லை. ஒரு வாரமும் தெருத் தெருவாகச் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்று சொன்னதும் எதிர்வீட்டு அக்கா மோவாயில் கையை வைத்துக்கொண்டார். "ஏம்மா, வீட்டுல வகைவகையா சமைக்கிறவ, ரோட்டுக் கடையில நின்னுக்கிட்டா தின்னே?" என்றார். ஆமாம், நின்றுகொண்டுதான் தின்றேன். 72 வயது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய்த்தான் தின்றேன். ஏன், எதற்கு என்று சொல்கிறேன், கேளுங்கள்.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். போன வருஷம் தை மாதம் மாமா தவறிப் போனார். அதிலிருந்து அத்தைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் அரை இட்லி, மத்தியானம் இரண்டு கவளம் ரசம் சாதம், ராத்திரி கஞ்சி. கஞ்சியில் மட்டும் பூண்டை மெல்லிசாகச் சீவி எண்ணெயில் பொரித்து ஊற்றிக்கொள்வார். அது அவருக்கு எப்போதும் உள்ள வழக்கம். முட்டையைத் தொடுவதில்லை. மீன் வாங்கினால், "நீங்க சாப்பிடுங்க, எனக்கு வேணாம்மா" என்று எழுந்து போய்விடுவார். வளையல் முழங்கை வரை ஏற ஆரம்பித்துவிட்டது. எடை பார்த்தால் ஏழு கிலோ குறைந்திருந்தது.

டாக்டரிடம் போனோம். ரத்தம், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தார். பிரஷர் கொஞ்சம் இருக்கிறது, அதற்கு மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறார். வேறு வியாதி ஒன்றும் இல்லை. "வயசானா நாக்கும் மூக்கும் மந்தமாகும்மா. சில மாத்திரையும் ருசியைக் கெடுக்கும். அதோட துணை போயிட்டா தனியா உட்கார்ந்து சாப்பிடவே தோணாது. அவங்களுக்குப் பிடிச்சது எதுவோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. பருப்பு, முட்டைன்னு சேருங்க. இப்படியே விட்டா தசை கரைஞ்சு ஒரு நாள் கீழே விழுந்துடுவாங்க" என்றார்.

பிடித்தது எது? அங்கேதான் மாட்டிக்கொண்டோம். என் கணவரைக் கேட்டேன். அவர் விழித்தார். நாத்தனாருக்குப் போன் போட்டேன். "அம்மாவுக்கா? அம்மா எல்லாம் சாப்பிடுவாங்களே" என்றார். மாமாவுக்குக் கத்தரிக்காய் காரக்குழம்பு, பெரியவனுக்கு உருளைக்கிழங்கு, நாத்தனாருக்கு அடை என்று எங்கள் வீட்டில் ஒவ்வொருவர் நாக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். ஐம்பது வருஷம் அடுப்படியில் நின்றவருடைய நாக்கைப் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை. அவரையே கேட்டால், "எனக்கென்னம்மா, எதா இருந்தா என்ன?" என்பார். இந்தப் பதிலை எத்தனை வீட்டில் எத்தனை பெண்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ!

இந்த நேரத்தில்தான் சென்னைப் பயணம் வந்தது. அத்தைக்குப் பெரம்பூரில் இருக்கும் என் மூத்த மகள் வீட்டில் வைத்துக் கண்புரை ஆபரேஷன் செய்திருந்தோம். ஒரு மாதம் கழித்துக் கண்ணைக் காட்ட வேண்டும். விழுப்புரம் வரை பஸ், அங்கிருந்து எழும்பூருக்கு ரயில். டாக்டர் பார்த்துவிட்டு, "நல்லா ஆறிடுச்சு, இனிமே வெளியே போகலாம், தூசிக்குக் கண்ணாடி மட்டும் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டார். மகளும் மாப்பிள்ளையும் ஊர் சுற்றிச் சாப்பிடுவதில் கெட்டிக்காரர்கள். "அம்மா, ஒரு வாரம் நீ அடுப்புப் பக்கமே போகக் கூடாது" என்று மகள் உத்தரவு போட்டுவிட்டாள்.

முதல் நாள் சாயந்திரம் சௌகார்பேட்டை. அத்தை வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். நானும் மகளும் போனோம். தங்கசாலைத் தெரு என்று பெயர். கும்பினியார் காலத்தில் நாணயம் அடித்த இடமாம். ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்த சேட்டுக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கிறார்கள். சூடான ஜிலேபி, ஏலக்காய் மணக்கும் பாதாம் பால், உருளைக்கிழங்கைத் தட்டிப் பொரித்த டிக்கி என்று தெரு பூராவும் நெய் வாசனை. எனக்குப் பிடித்தது முறுக்கு சாண்ட்விச்தான். ரொட்டிக்குப் பதில் நம் கை முறுக்கு! இரண்டு சின்ன முறுக்குக்கு நடுவே தக்காளி, வெள்ளரிக்காய், பச்சைச் சட்னி. வடக்கத்திக்காரர்கள் நம்மூர் முறுக்கை எடுத்து அவர்கள் சட்னியைத் தடவி நமக்கே விற்கிறார்கள், நாமும் வரிசையில் நின்று வாங்குகிறோம். யார் வீட்டுக்கு யார் விருந்தாளி என்றே தெரியவில்லை. பானிபூரி மட்டும் நான் தொடவில்லை. அந்தத் தண்ணீர் எங்கே பிடித்தது என்று தெரியாமல் எனக்குத் தொண்டைக்குள் போகாது.

மறுநாள் ராத்திரி பெசன்ட் நகர் பக்கம். வேனுக்குள்ளேயே அடுப்பு வைத்து ஒரு பக்கக் கதவைத் தூக்கிவிட்டால் கடை. 'ஃபுட் டிரக்' என்று பெயராம். நேபாளத்துப் பிள்ளைகள் மோமோ வேகவைத்துக் கொடுத்தார்கள். நம் பூரணக் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கிறது, மேல்மாவு மைதா, உள்ளே முட்டைக்கோஸ். ஆவியில் வெந்தது என்பதால் பயமில்லாமல் சாப்பிட்டேன். தொட்டுக்கொள்ள வெள்ளையாக மயோனைஸ் வைத்தார்கள். அதை ஒதுக்கிவிட்டேன். பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது நினைவிருக்கும். அதற்கு முன்னால் 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட ஒரு சிறுமி இறந்து போனாள். பிள்ளைகளை வெளியே சாப்பிடாதே என்று தடுக்க இனி நம்மால் ஆகாது. எதைச் சாப்பிடலாம், எதை ஒதுக்கலாம் என்று சொல்லிக்கொடுக்கத்தான் முடியும். அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு வருவது, கண்ணெதிரே வேகுவது, கூட்டம் அதிகமாகி மீதமில்லாமல் தீருவது, இவை எனக்குச் சம்மதம். வெட்டிவைத்துக் காற்றில் கிடக்கும் பழம், மூடாத சட்னி, எதற்கும் ஐஸ் – இவை ஆகாது. வண்டியானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும் என்பதையும் மாப்பிள்ளை காட்டித்தான் நான் கவனித்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து அத்தையிடம் எல்லாவற்றையும் கதை கதையாகச் சொன்னேன். சிரித்துக் கேட்டாரே தவிர, கொண்டுவந்த மோமோவில் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. கஞ்சிதான். பேத்தி பூண்டை உரித்துக்கொண்டே, "ஆயா, நாளைக்கு பர்மா பஜார் பக்கம் போறோம். அத்தோ சாப்பிட வரியா?" என்றாள். சும்மாதான் கேட்டாள்.

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். "அத்தோவா? அது இங்கே எங்கே கிடைக்குது?" என்றார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அத்தை பிறந்தது ரங்கூனில். அது எங்களுக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி அவர் வாய் திறந்து நாங்கள் கேட்டதில்லை. பரணில் சிவப்பும் கறுப்புமாக அரக்குப் பூசிய ஒரு வட்ட வெற்றிலைப் பெட்டி இருக்கிறது, அது மட்டும்தான் அங்கிருந்து வந்த சாமான். அன்று ராத்திரிதான் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னார். அவருடைய அப்பாவுக்கு அங்கே சின்னதாக ஒரு அரிசிக் கடை. 1962ல் ராணுவ ஆட்சி வந்தது. 1964ல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதே வருஷம் மே மாதம் 50 சாட், 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். சாட் என்பது அவர்கள் ஊர்ப் பணம். அப்பா பெட்டியில் வைத்திருந்தது அத்தனையும் காகிதமாகிவிட்டதாம். அடுத்த வருஷம் கப்பல் ஏறினார்கள். அத்தைக்கு அப்போது 12 வயது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, அப்பாவின் சொந்த ஊரென்று பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அப்படிக் கப்பல் கப்பலாக வந்த தமிழர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். சொந்த ஊர் என்று போக இடமில்லாதவர்கள் சென்னையிலேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் பிழைப்புக்காகத் துறைமுகத்துப் பக்கம் 1969ல் உண்டானதுதான் பர்மா பஜார்.

(நாங்கள் இருக்கிற இடமும் கதைதான். அத்தை வந்தபோது எங்கள் ஊர் தென்னாற்காடு ஜில்லா. எனக்குக் கல்யாணமானபோது விழுப்புரம் மாவட்டம். 2019லிருந்து கள்ளக்குறிச்சி. வீடு மட்டும் நகரவே இல்லை.)

"இத்தனை வருஷமா ஏன் அத்தை சொல்லல?" என்று கேட்டேன். "வந்த புதுசுல பள்ளிக்கூடத்துல பர்மாக்காரின்னு கேலி பண்ணுவாங்க. எங்கம்மா, 'அந்தப் பேச்சையே எடுக்காதடி'ன்னுட்டாங்க. அப்புறம் கல்யாணம், புள்ளைங்க. யாருகிட்ட சொல்றது?" என்றார்.

மறுநாள் சாயந்திரம் ஆட்டோவில் போனோம். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, பர்மா பஜாரைத் தாண்டி உள்ளே இருக்கிற இரண்டாவது கடற்கரைச் சாலை. வரிசையாகத் தள்ளுவண்டிகள். ஒவ்வொரு வண்டியிலும் ஆரஞ்சு நிறத்தில் தடித்த நூடுல்ஸ் மலை மாதிரி குவிந்திருக்கிறது. பக்கத்தில் நூல் நூலாக நறுக்கிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த் தூள், பெரிய தட்டில் பேஜோ என்கிற மொறுமொறு வடை. பின்னால் அண்டாவில் வாழைத்தண்டு சூப் கொதிக்கிறது. நான் வழக்கப்படி ஒரு ஓரமாக நின்று ஐந்து நிமிஷம் வேவு பார்த்தேன். பிசைகிற கை வேறு, தட்டு எடுக்கிற கை வேறு. காசை யாரும் தொடுவதே இல்லை, செல்போனைக் காட்டினால் முடிந்தது. தட்டில் புதுசாக வாழையிலை போட்டுத்தான் வைக்கிறார்கள். சரி என்று ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி அத்தையை உட்காரவைத்தேன்.

ஆனால் அத்தை எனக்கு முன்னாலேயே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்கு மட்டும் வேலை செய்கிறது. "பூண்டெண்ணெய்" என்றார். அந்த வண்டியில் ஒரு கிண்ணத்தில் பூண்டைச் சீவிப் பொரித்த எண்ணெய் இருந்தது. எங்கள் வீட்டில் கஞ்சிக்கு ஊற்றுகிற அதே எண்ணெய், அதே பழுப்பு நிறம். 24 வருஷமாக என் சமையலறையில் மணந்த வாசனை ரங்கூன் வாசனை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். அத்தை அவரிடம், "தம்பி, நீங்க எந்த ஊரு?" என்றார்.

"இங்கதாம்மா பொறந்தேன். அப்பா அம்மா ரங்கூனு. நீங்க?"

அத்தை பதில் சொல்லவில்லை. தட்டில் இருந்த அவித்த முட்டைகளைக் காட்டி விரலால் எண்ணினார். "தித், நித், தோன்" என்றார். கடைக்காரர் கையை அப்படியே நிறுத்தினார். "எங்கம்மா இப்படித்தான் எண்ணுவாங்க!" என்றார். அதற்கு மேல் அவருக்கும் அந்தப் பாஷை தெரியாதாம். அத்தைதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்: அத்தோ என்றால் கையால் பிசைந்தது, பேஜோ என்றால் பருப்பைப் பொரித்தது. தினமும் விற்கிறவருக்கு அர்த்தம் அன்றுதான் கிடைத்தது. ஒரு முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளி, காரம் எல்லாம் அடைத்து, "இது என் கணக்கு" என்று கொடுத்தார்.

அத்தை தின்றார். ஒரு வருஷத்துக்கும் மேலாக முட்டை தொடாதவர் முழு முட்டையையும் தின்றார். பிறகு ஒரு தட்டு அத்தோ. சூப்பை இரண்டு தரம் ஊற்றச் சொல்லிக் குடித்தார். நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அழுவாரோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். அழவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அது இல்ல" என்றார். "அங்கே காஞ்ச எறாவை இடிச்சுப் போடுவாங்க. இந்தக் கலர் கிடையாது. சூப்புன்னு குடுக்கறாங்களே, அது மொயிங்கா. கெளுத்தி மீனைக் கரைச்சு, வாழைத்தண்டு போட்டு, அரிசி சேவையில ஊத்தணும். காலையில அதான் எங்களுக்குப் பலகாரம்." இப்படி வழி நெடுகக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். மாமா போன பிறகு அத்தை ஒரு சாப்பாட்டைக் குறை சொல்லி நான் கேட்டது அன்றுதான். உப்பு கூட, காரம் கம்மி என்று ஒரு மனுஷி சொல்லுவது இவ்வளவு சந்தோஷம் தருமா என்று எனக்கே ஆச்சரியம். அன்று ராத்திரி கஞ்சி கேட்கவில்லை, வயிறும் ஒன்றும் செய்யவில்லை.

ஊருக்கு வந்ததும் நானே வீட்டில் செய்ய ஆரம்பித்தேன். சகோதரிகளுக்கும் சொல்லிவிடுகிறேன். கஷ்டமே இல்லை, எல்லாம் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் கிடைக்கிற சாமான்தான்.

நாலு பேருக்குத் தடித்த நூடுல்ஸ் 200 கிராம். பாக்கெட்டில் வரும் மசாலாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதில் உப்பு அதிகம். தண்ணீரில் சிட்டிகை மஞ்சள் தூளும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு வேகவைத்து வடித்து ஆறவிடுங்கள். ஆரஞ்சு நிறத்துக்குச் சாயம் வேண்டாம், மஞ்சளே போதும். பஞ்சு மிட்டாயில் துணிச் சாயம் கலந்ததைக் கண்டுபிடித்து 2024 பிப்ரவரியில் தடை போட்டார்களே, அதிலிருந்து நிறம் என்றாலே எனக்குப் பயம். பத்துப் பதினைந்து பல் பூண்டை மெல்லிசாகச் சீவி, கால் கப் கடலை எண்ணெயில் சின்னத் தீயில் பொன்னிறமாகப் பொரியுங்கள். கறுகினால் கசந்துவிடும், பக்கத்திலேயே நில்லுங்கள். அதே எண்ணெயில் இரண்டு வெங்காயத்தையும் பொரித்து எடுத்துக்கொள்ளுங்கள். நூடுல்ஸில் ஒரு கப் நூலாக நறுக்கிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு, அதே எண்ணெயில் இரண்டு ஸ்பூன், கெட்டியாகக் கரைத்த புளி கொஞ்சம், மிளகாய்த் தூள், உப்பு, இரண்டு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு, கொத்துமல்லி. முட்டைக்கோஸ் பச்சையாகச் சேர்வதால் மேல் இலைகளைக் கழித்து, நறுக்கும் முன்பே நன்றாகக் கழுவிவிட வேண்டும். வயசானவர்களுக்கு என்றால் கொதிநீரில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் கையால்தான் பிசைய வேண்டும், கரண்டி போட்டால் அத்தை ஒப்புக்கொள்வதில்லை. பேஜோவுக்குப் பதில் நம் தட்டையை நொறுக்கிப் போடலாம். நூடுல்ஸ் மைதா என்று யோசிப்பவர்கள் அரிசி சேவையில் செய்யுங்கள். நான் கல்வராயன் மலைச் சாமையை மாவாக்கிச் சேவை பிழிந்தும் பார்த்தேன். ருசி நன்றாகத்தான் இருந்தது, பிசையும்போதுதான் உதிர்ந்து உப்புமாவாகிவிட்டது!

சூப்புக்கு, இளம் வாழைத்தண்டை நார் எடுத்து வட்டமாக நறுக்கி, இஞ்சி, பூண்டு, வெங்காயம், மஞ்சள் தூளோடு வேகவிட்டு, இரண்டு ஸ்பூன் கடலை மாவை வெறும் வாணலியில் வறுத்துக் கரைத்து ஊற்றுங்கள். ஒரு கொதி வந்ததும் மிளகுத் தூள் போட்டு இறக்கலாம். பிரஷர்க்காரர்களுக்கு உப்பைக் குறைத்து எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம்.

வாரத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டில் இப்போது இதுதான் ராத்திரிச் சாப்பாடு. தினமும் கொடுக்க இது ஒன்றும் மருந்தில்லை. ஆனால் அந்த ஒரு நாள் சாப்பிட்ட தெம்பில் மற்ற நாளிலும் சாதம் கூட இறங்குகிறது. முட்டை தினமும் ஒன்று என்று ஆகிவிட்டது. இரண்டு மாதத்தில் ஒன்றரை கிலோ ஏறியிருக்கிறார். எதிர்வீட்டு அக்கா ஒரு நாள் வந்து வாசலிலேயே நின்று தட்டில் வாங்கித் தின்றுவிட்டு, "பரவாயில்லையே!" என்றார். ரோட்டுக் கடைப் பலகாரம் என்று ஞாபகப்படுத்த எனக்கு வாய் வரவில்லை.

அத்தைக்கு இன்னும் திருப்தியில்லை. "இதெல்லாம் சரிதான், மொயிங்கா எப்ப பண்ணப் போறே?" என்று தினமும் கேட்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை நல்ல கெளுத்தியாகக் கிடைத்தால் ஒரு கிலோ வாங்கி வரும்படி என் கணவரிடம் சொல்லியிருக்கிறேன். மீனை ஆய்ந்து முள் எடுப்பது தன் வேலை, நான் பக்கத்தில் வரவே கூடாது என்று அத்தை இப்போதே சொல்லிவிட்டார்.